தோலோடு, வெட்டாமல்

போன வருடம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரும்புலியூரில் எங்கள் தெருமுனைக் கோழிக்கடையில் இது தொடங்கியது.

எனக்கு முன்னால் நின்றவர், "ரெண்டு லெக். தோலோட. வெட்டாதீங்கண்ணா" என்றார்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "வாராவாரம் இதேதான் கேக்குற சார். தோலோட எடுத்துகினு போய் இன்னாதான் பண்ற?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டுத் திரும்பினார். புதன்கிழமை என் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர். என்னை அடையாளம் தெரிந்ததும் கறிப்பையை அவசரமாக ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு மூடினார். எனக்கு ஏற்கெனவே அவர்மேல் சந்தேகம். அது இன்னும் ஒரு படி ஏறியது.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். இரண்டு மாதமாக வலி வந்து வந்து போனது. வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதால் முடிவெடுப்பது என் பொறுப்பு. தாம்பரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன். அந்த டாக்டருக்கு முப்பது வயதுக்குமேல் ஒன்றிரண்டு இருக்கலாம். அறைச் சுவரில் மாட்டியிருந்த எம்.எஸ். பட்டத்தில் வருடத்தைப் பார்த்து மனக்கணக்குப் போட்டேன். மூன்று வருடப் படிப்பின் நடுப்பகுதி முழுக்கக் கொரோனா.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சொல்ல வேண்டும். நானும் அதே காலத்தில் இன்ஜினியரிங் முடித்தவள். மூன்று செமஸ்டர் லேபை மொபைல் திரையில் பார்த்தே பாஸ் செய்தேன். தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் சேர்ந்தபோது சூப்பர்வைசர் என்னைக் "கொரோனா பேட்ச்" என்றுதான் கூப்பிடுவார். "ஸ்பேனரை யூடியூப்ல பாத்திருப்பியேம்மா, கைல பிடிச்சிருக்கியா?" என்பார். கோபம் வரும். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. அந்த வருடத்துச் சான்றிதழில் என்ன இருக்காது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சிட்டில பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம்மா. இவர் சரியா கத்துக்கிட்டிருக்க மாட்டார்."

"நீயும் அப்பதானே படிச்ச? உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்களே."

"அதனாலதாம்மா சொல்றேன்."

"பையன் மூஞ்சியப் பாத்தா நல்ல பையனா இருக்கான். நான் மாற மாட்டேன்" என்று பேச்சை முடித்துவிட்டார் அம்மா.

செவ்வாய்க்கிழமை அம்மாவை அட்மிட் செய்துவிட்டு, டாக்டர் அறைக்குப் போனேன். கேள்விகளை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதல் கேள்வி: "டாக்டர், நீங்க எம்.எஸ். பண்ணது கொரோனா டைம்லதானே?"

"ஆமாங்க."

"அப்போ ஆபரேஷன்லாம் நடந்துச்சா?"

"ரொம்ப நாள் நடக்கலை. எமர்ஜென்சி மட்டும்தான். கத்தி பிடிக்க வந்த நாங்க எல்லாரும் கொரோனா வார்டுல ஆக்சிஜன் பாத்துக்கிட்டு இருந்தோம். மூச்சுத் திணறுற ஆளைக் குப்புறப் படுக்க வைக்கிறதுல எங்க பேட்ச்சை அடிச்சுக்க ஆளே கிடையாது."

நான் சிரிக்கவில்லை. "அப்புறம் எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

டாக்டர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஷூ டப்பாவை எடுத்தார். மூடியில் இரண்டு ஓட்டை. அவற்றின் வழியாக இரண்டு நீளமான கருவிகள். உள்ளே ஒரு பழைய மொபைல், கேமரா மாதிரி. பக்கத்தில் ஒரு தட்டில் கோழித்தோல், நெருக்கமான தையல்களோடு. ஞாயிற்றுக்கிழமைக் கறியின் மர்மம் விலகியது. "லாக்டவுன்ல ஹாஸ்டல் ரூம்ல ஆரம்பிச்சது. இன்னும் விடலை. படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் ஒரு சீனியர் மேடம் கூடவே நின்னு கத்துக்கிட்டேன்."

"அது போதுமா டாக்டர்?"

"கோழித்தோல்ல ரத்தம் வராதுங்க. அதனால போதும்னு சொல்ல மாட்டேன். உள்ள கஷ்டமா இருந்தா நிறுத்திட்டு மேடத்தைக் கூப்பிடுவேன்."

நேர்மையான பதில்தான். ஆனால் அந்த நேர்மைமேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. வேலைக்கான இன்டர்வியூவில் "உங்கள் குறை என்ன?" என்று கேட்டால் அழகாக ஒரு குறையைச் சொல்ல எங்களுக்கும்தான் பயிற்சி கொடுத்தார்கள். ஆனாலும் அம்மாவின் பிடிவாதத்துக்காகக் கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கி, எந்த நேரமும் கிளம்பத் தயாராக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு, தியேட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வயதான ஒரு பெண் டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நர்ஸுகள் பேசியது காதில் விழுந்தது. "மேடத்துக்கு இன்னைக்குக் கேஸே இல்லையே, ஏன் வந்திருக்காங்க?" "சார்தான் வரச் சொன்னாராம்."

நம்பிக்கை இருக்கிறவர் முன்கூட்டியே ஏன் ஆளை வரச் சொல்ல வேண்டும்?

சிறிது நேரத்தில் தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "பித்தப்பை சுத்தி எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெட்ட வேண்டிய குழாய் எதுன்னு எனக்குத் தெளிவாத் தெரியலை. தெரியாம வெட்ட மாட்டேன். அம்மா நல்லா இருக்காங்க. மேடத்தைக் கூட்டிட்டுப் போறேன்."

மேடம் டீ கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து அவர் பின்னால் போனார். கதவு மூடியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எனக்குள் ஒரு குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் வைத்திருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். எழுந்து போய்க் கேட்கவும் தைரியம் இல்லை.

கடைசியில் மேடம்தான் முதலில் வெளியே வந்தார். "எடுத்தாச்சும்மா. கேமரா வழியாவே முடிஞ்சிடுச்சு. அம்மா சேஃப்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்கதானே டாக்டர் எடுத்தீங்க?"

"இல்லையே. அவன்தான் எடுத்தான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். குழாய் இதுதான்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட அப்புறம்தான் வெட்டினான்." டீ கப்பைத் தேடி எடுத்து, ஆறிப்போயிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். "கூப்பிடாம உள்ள வெட்டிட்டு அப்புறமா கூப்பிடுறவங்க இருக்காங்க. அப்படி வர்ற போனுக்குத்தான் எனக்குப் பயம்."

படிப்பில் விடுபட்டதை மறைக்கத்தான் இவர் முயல்வார் என்று நினைத்து, மூன்று நாளாக அவரை வேவு பார்த்திருந்தேன். அவரோ விடுபட்டது எங்கே என்று சரியாகத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் முன்கூட்டியே ஒருவரை உட்கார வைத்திருந்தார்.

சாயந்தரம் மயக்கம் தெளிந்த அம்மா, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "நம்ம பிளவுஸ் டெய்லர் இவன்கிட்ட வந்து கத்துக்கணும்டி" என்றார்.

அடுத்த மாதம் கோழிக்கடைக்குப் போனபோது கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "யக்கா, அந்த சாரு உங்களுக்குத் தெரிஞ்சவராமே. அந்தத் தோலை வெச்சுகினு இன்னா பண்றாரு?"

"தைச்சுப் பாக்குறாருண்ணா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இன்றும் யாரையும் நான் சுலபத்தில் நம்புவதில்லை. ஆனால் ஒருவரை நம்ப வேண்டி வந்தால், இதுவரை எத்தனை செய்தீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது பாதியில் நிறுத்தி இன்னொருவரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். "அப்படி ஒருநாளும் நடந்ததில்லை" என்று சொல்கிறவரிடமிருந்து என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.