சஹனில் அத்தாவின் பக்கம்

ஓசூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையில், என் தேவைக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பாத்திரம் இருக்கிறது. விளிம்பு லேசாக உயர்ந்த, வட்டமான சஹன் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவதற்கானது. என் வீட்டுத் தொட்டியில் அதற்கு இடம் போதாது. சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாதி பாதியாகத்தான் கழுவ வேண்டும். ஒருநாள் எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "ஒத்த ஆளுக்கு என்னாத்துக்கும்மா இவ்ளோ பெரிய தாம்பாளம்?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அம்மாவும் இறந்துபோய், அண்ணன் துபாயிலேயே தங்கிவிட்ட பிறகு காவேரிப்பட்டினத்து வீட்டைக் காலி செய்தோம். அப்போது நான் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது.

சஹனில் சாப்பிடுவது, தாத்தா தோல் வியாபாரத்துக்காகத் தெற்கேயிருந்து வந்தபோது கூடவே கொண்டுவந்த வழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பியதும் நடுக்கூடத்தில் விரிப்பு விரிப்போம். அத்தா, அம்மா, அண்ணன், நான் என்று நாலு பக்கம். அவரவர் தன் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. அத்தா மட்டும் இந்த ஒழுங்கை ஒரு காரியத்துக்காக மீறுவார். தன் பக்கம் கிடக்கும் கறித்துண்டை விரலால் பிய்த்து, எலும்பைத் தனக்கு வைத்துக்கொண்டு சதையை என் பக்கம் தள்ளிவிடுவார். பேச்சை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், ஏதோ கை தவறிப் போனதுபோலத் தள்ளுவார். அண்ணன் முறைப்பான். நான் ஒன்றும் தெரியாதவள்போல வாயில் போட்டுக்கொள்வேன்.

அத்தாவுக்கு ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வியாபாரம். தமிழில் விலை பேசி, தெலுங்கில் கெஞ்சி, கன்னடத்தில் சண்டை போடுகிற மனுஷன் என்று அம்மா கிண்டல் செய்வாள். அவர் தனியாக உட்கார்ந்து எதையும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. டீக்கடைக்குப் போவதென்றால்கூட லாரி டிரைவரையோ சுமை தூக்குகிறவரையோ தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டுதான் போவார். ஆள் இல்லாத டீ அவருக்கு இறங்காது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவர் இளைக்கத் தொடங்கினார். பசி குறையவில்லை, சாப்பாடும் குறையவில்லை, உடம்பு மட்டும் கரைந்தது. "திங்கறதெல்லாம் எங்கதான் போவுதோ" என்று அம்மா முதலில் கிண்டலாகச் சொன்னாள். கைலிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் அத்தா புதிது புதிதாக ஓட்டை போடத் தொடங்கியதும் கிண்டல் நின்றுபோயிற்று. சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வியாதியின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள்.

ஓசூரில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். கணையத்தில் கல். அவர் பொறுமைசாலி. "ஒரு வாய் சோத்த ரொம்ப நேரம் மென்னா இனிக்குமே, கவனிச்சிருக்கீங்களா பாய்?" என்று ஆரம்பித்தார். எச்சிலில் இருக்கும் நொதி மாவை உடைத்துச் சர்க்கரையாக்குவதால்தான் அந்த இனிப்பு. இரைப்பையில் வேறொரு நொதி கறியையும் பருப்பையும் உடைக்க ஆரம்பிக்கும். பெரிய வேலையெல்லாம் அதற்குப் பிறகு சிறுகுடலில், கணையம் அனுப்பும் நொதிகளால் நடக்கிறது. மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் ரத்தம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பொடிப்பொடியாக அவை உடைத்துத் தரும். அத்தாவின் கணையம் அவற்றை அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சாப்பிட்டது உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. "வயிறு நெறைய சாப்பிட்டும் பட்டினி கெடக்குறீங்க" என்றார் டாக்டர். கணையம் தராத நொதியை மாத்திரையாகத் தந்தார். ஒவ்வொரு வேளையும் சோற்றோடு சேர்த்து விழுங்க வேண்டும்.

மாத்திரை வேலை செய்தது. கன்னத்தில் சதை வந்தது, பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அத்தா நல்ல உற்சாகத்தில் இருந்தார். இந்த நொதியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு மிருகத்தின் கணையத்திலிருந்து என்றார் டாக்டர். "ஆட்டுதா, மாட்டுதா டாக்டர்? எதுன்னு சொன்னா அதுக்கு ஒரு சலாம் வெச்சிடுவேன்" என்று சிரித்தார் அத்தா. டாக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "ரெண்டும் இல்லீங்க பாய். பன்னி" என்றார். பொய் சொல்லத் தெரியாத நல்ல மனிதர். பூஞ்சையிலிருந்து எடுப்பது ஒன்று உண்டு, ஆனால் உங்கள் நிலைமைக்கு அது போதாது என்றும் சொன்னார். அத்தாவின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

மாத்திரையை நிறுத்திவிட்டார். உடம்பு மறுபடி கரைந்தது. அம்மா அழுது, கெஞ்சி, கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தையே வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் ஒரு சின்னக் கண்டிப்பும் இல்லாமல் பேசினார். "உசுரக் காப்பாத்த வேற வழியில்லன்னா அதுல குத்தமில்ல. உடம்பு அல்லாஹ் உங்ககிட்ட குடுத்து வெச்ச அமானிதம். அதப் பாழாக்கறதுதான் தப்பு. முழுங்குங்க." அத்தா தலையாட்டினார். அன்றே மாத்திரையை எடுத்துக்கொண்டார். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சஹனில் சோறு கொட்டியபோது அத்தா அலமாரியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஹஜ்ரத் எனக்குத்தானே அனுமதி சொன்னாரு? உங்களுக்குச் சொல்லலையே. வாயில போற கைதான தட்டுலயும் வருது" என்றார். அம்மா எவ்வளவோ வாதாடினாள். நானும் என் சோற்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தட்டில் கைவைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலிக்காமல், ஆனால் இறுக்கமாக. "வேணாங்கண்ணு. இது அத்தாவோட தட்டு." அந்தப் பிடி இன்றும் என் கையில் இருக்கிறது. யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஊரில் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. தன்னைத் தானே எழுப்பி வேறு பந்தியில் உட்கார வைத்துக்கொண்டார்.

வெளியே அதை மறைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த விருந்துக்குப் போனாலும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். அண்ணனின் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் சஹன் முன்னால் இடம் விட்டுக் காத்திருந்தார். "வாங்க சம்பந்தி, உக்காருங்க." "நீங்க மொதல்ல சாப்டுங்க. என் பையன் கல்யாணத்துல நான் போடாம யார் போடுவா?" என்று கறியை அள்ளி அவர் பக்கம் வைத்துவிட்டு அடுத்த சஹனுக்கு நகர்ந்துவிட்டார். பந்தி முடிந்து எல்லோரும் பீடா மென்றுகொண்டிருந்தபோது நான் அவரைத் தேடிப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. சில வருடம் கழித்து நெஞ்சுவலியில் அவர் மௌத்தானபோது வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற மனுஷன் என்றார்கள். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை. மாவில் கலக்கும் நொதிகளைச் சோதிப்பதும் அதில் ஒன்று. ஒரு நொதி எத்தனையோ உணவை உடைத்துக் கொடுக்கும், ஆனால் உடைத்ததோடு சேர்ந்துகொள்ளாது. வேலை முடிந்ததும் விலகி அடுத்ததற்குப் போய்விடும். இதைப் படித்த அன்று கரண்டியோடு நிற்கும் அத்தாதான் நினைவுக்கு வந்தார்.

சென்ற வருடம் நானும் இளைக்க ஆரம்பித்தேன். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். அதே கல், அதே மாத்திரை. எனக்கு அந்தத் தயக்கம் வரவில்லை. ஹஜ்ரத் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னதைக் காதால் கேட்டவள் நான். போன மாதம் கிருஷ்ணகிரியில் சித்தி மகளின் கல்யாணம். பெண்கள் பக்கம் சஹன் முன்னால் உட்கார்ந்ததும் மாத்திரையை எடுத்துக் காட்டி, அது என்ன, எதிலிருந்து வருகிறது என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். அத்தாவுக்காகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லோரும் மாத்திரையைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்த பெண், "வேற மருந்து இல்லன்னா என்னக்கா பண்றது? முழுங்கிட்டு கைய வைங்க, பிரியாணி ஆறுது" என்றாள். அவ்வளவுதான். அத்தா அத்தனை வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானா என்று எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாததால் சாப்பிட்டு முடித்தேன்.

என் கணையத்திலும் கல் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, நோய் வந்தவளுக்கு வரக்கூடாத ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் விடுப்பு கிடைத்தால் சஹனைக் கீழே வைத்து, என் பக்கம் மட்டும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்கிறேன். மாத்திரையை விழுங்குகிறேன். எதிர்ப்பக்கம் வெறும் தட்டு பளபளவென்று கிடக்கிறது. கறித்துண்டு வந்தால் சதையைப் பிய்த்து அந்தப் பக்கம் தள்ளிவைக்கிறேன்.

இப்போது எனக்கும் அனுமதி இருக்கிறது, அத்தா. இனி நாம் ஒரே தட்டில் சாப்பிடலாம்.