எரிமலையடியில் மூன்று நாள்

கோடை முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்தில் துவைத்துக் கொண்டுவந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. நான் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"டிசம்பர் முடிய நான் தங்கச்சி வீட்டை போயிடுவன். பிறம்ரனிலை ஒரு அறை ஒழிச்சுத் தாறாளாம்" என்றாள்.

"எத்தினை நாளைக்கு?"

"நாள் கணக்கில்லை. ஒரேயடியாய்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. நானும் சோடி சேர்ப்பதை நிறுத்தவில்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இருந்ததில்லை. நான் குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. பேசியதும் இல்லை. அதுதான் அவளுடைய குறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன வயதிலிருந்தே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுவேன். ரொறன்ரோவுக்கு வந்து பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆங்கிலத்துக்குப் பயந்து வாயை மூடிப் பழகி, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டேன். "சுவரோடை குடித்தனம் நடத்தினாலும் அதிலை ஒரு கலண்டராவது தொங்கும்" என்று ஒருமுறை சொன்னாள். நான் அதற்கும் பதில் சொல்லவில்லை.

எங்கள் மகள் பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். பேசாத அப்பாவுக்கும் பேசிக் களைத்த அம்மாவுக்கும் நடுவில் வளர்ந்தவள். அவள்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தாள். ஒக்ரோபரில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை திரும்புவது. மத்திய அமெரிக்காவில் உள்ள கொஸ்ரா றிக்கா நாடு. மழைக்காலம் என்றபடியால் ஆட்கள் போகமாட்டார்களாம். அதனால் மிக மலிவு. கைப்பை ஒன்று மட்டும் கொண்டுபோகலாம்.

"அப்பா, இற்ஸ் நொற் ஹார்ட். அம்மாவிட்டை போகாதை எண்டு சொல்லுங்கோ. ஒரு வசனம். அவ்வளவுதான்" என்றாள் மகள்.

மனைவி மறுப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அங்கே எரிமலை இருக்கிறது என்று கேட்டதும் ஒத்துக்கொண்டாள். ரீவியில் இரவில் நெருப்பு வழிவதைக் காட்டும்போதெல்லாம் சமையலை விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பவள். "மலை பாக்கத்தான் வாறன். வேறை ஒண்டுக்கும் இல்லை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

விமான நிலையத்தில் அவள் இடித்துக் கொண்டுவந்த சம்பல் போத்தலைப் பாதுகாப்புக்காரன் எடுத்துத் தொட்டிக்குள் போட்டான். அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கே இறங்கி, வேறு ஆட்களோடு ஒரு சிறிய வான் வண்டியில் மூன்று மணித்தியாலம் போய், தகரக் கூரை போட்ட ஒரு விடுதிக்குச் சேர்ந்தோம். விடுதிக்காரப் பெண் பின்கதவைத் திறந்து கையை நீட்டி, "அதோ எரிமலை" என்றாள். நீட்டிய இடத்தில் முகில்தான் இருந்தது. "நாளைக்குத் தெரியும்" என்றாள். நெருப்பு எப்போது வரும் என்று மனைவி கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். பத்து வருடத்துக்கு மேலாக நெருப்பு வருவதில்லையாம். மலை நித்திரையாம்.

"நல்ல மலை. எங்கடை வீட்டை இருக்கிறதுக்குத் தோதானது" என்றாள் மனைவி, தமிழில்.

அறையில் ஒரே கட்டில். வீட்டில் நாலு வருடமாக அவள் மகளுடைய அறையில் படுக்கிறாள். கட்டில் நடுவில் இரண்டு துவாய்களை முறுக்கி, மூக்கோடு மூக்கு முட்டிய இரண்டு அன்னங்களாகச் செய்து வைத்திருந்தார்கள். அவள் அவற்றைப் பிரித்து உதறி, நாலாக மடித்து, ஒன்றை என் பக்கமும் மற்றதைத் தன் பக்கமும் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் சுடுதண்ணீர் ஆற்றுக்குப் போனோம். மலையின் வெக்கையில் கொதித்து வருகிற தண்ணீர். பெரிய ஹோட்டல்களில் அதைத் தொட்டியில் பிடித்துக் காசுக்கு விடுகிறார்கள். பாலத்துக்குக் கீழே இறங்கினால் எல்லோருக்கும் பொது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நீச்சல் உடையில் இருந்தார்கள். என்னிடம் சாரம்தான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். உள்ளே காற்றுப் புகுந்து, சாரம் என்னைச் சுற்றிப் பெரிய பூசணிக்காய் மாதிரி எழும்பிவிட்டது. அமத்தினால் மற்றப் பக்கம் எழும்பியது.

"ஐயோ, பிடியுங்கோ! பிடியுங்கோ! வெள்ளைக்காரி பாக்கிறாள்!"

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

"பறந்துடாதேங்கோ. ரிக்கற் ரெண்டுக்கும் சேத்துத்தான் போட்டது."

அவள் சிரித்தாள். பாவாடையை முழங்காலோடு பிடித்துக்கொண்டு, பாறையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருக்க முடியாது. எனக்கு அது அப்போதே தெரிந்தது. வசனமும் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"தண்ணி நல்ல சூடு, என்ன?" என்றேன்.

"ஓம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்த் துவாயை எடுத்தாள்.

பின்னேரம், முன்னொரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய இடத்தைப் பார்க்கப் போனோம். எட்டுப் பேர். ரப்பர் சப்பாத்துப் போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வழிகாட்டியாக வந்தாள். கருங்கல்லுக்கு மேல் கருங்கல். நடுநடுவே புல். ஏறத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மலையிலிருந்த முகில் எங்கள்மேலும் இறங்கிவிட்டது. எனக்கு முழங்கால் வலி, மெல்லத்தான் ஏறினேன். மனைவி விறுவிறென்று முன்னால் போய்விட்டாள். மேலே போனதும் வழிகாட்டி ஆட்களை எண்ணினாள். ஏழு. என் மனைவி இல்லை.

பாதையை விட்டால் பக்கத்தில் பள்ளம். முகிலுக்குள் பத்தடி தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. "பேர் சொல்லிக் கூப்பிடு. பழகின குரல் நல்லது" என்றாள் வழிகாட்டி. அவளுடைய ஆங்கிலம் எனக்கு விளங்கியது.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் என் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் மனைவியைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் என் அப்பா கூப்பிட்டதில்லை; கலியாணம் கட்டின முதல் கிழமை எனக்கும் வெட்கமாக இருந்தது. இங்கே பாரும் என்கிற மாதிரி "இஞ்சாரும்" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அதுவே போதுமாயிருந்தது. பிறகு இருபத்து மூன்று வருடம் அதோடு போய்விட்டது. விண்ணப்பத் தாள்களில் அவளுடைய பேரை எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

"இஞ்சாரும்!" என்று கத்தினேன். "இஞ்சாரும்!"

சத்தமில்லை. வழிகாட்டி தன் தாளைப் பார்த்து, என் மனைவியின் பேரை நாக்குப் புரண்டு புரண்டு கூப்பிட்டாள். கூட வந்த வெள்ளைக்காரர்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. நான் நடுவில் நின்று மறுபடியும் "இஞ்சாரும்" என்றேன்.

அவள் பள்ளத்திலிருந்து வரவில்லை. எங்களுக்கு மிகக் கிட்ட, ஒரு பெரிய கல்லின் மற்றப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கால் நோவுக்கு அதில் குந்தியிருந்தாளாம். வழிகாட்டியிடம் "சொறி, சொறி" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இறங்கும்போது நான் அவளுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது. முதல் கூப்பிட்டதே கேட்டது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீர்?"

அவள் கொஞ்சத் தூரம் நடந்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடுவியளோ எண்டு பாத்தனான். ஆள் செத்தாலாவது கூப்பிடுவியளோ எண்டு பாத்தனான்." கோபமாகச் சொல்லவில்லை. "ஊர் பேர் தெரியாத சனமெல்லாம் என்ரை பேரைச் சொல்லிக் கத்துது. நீங்கள் ஆட்டோக்காரனைக் கூப்பிடுற மாதிரி நிக்கிறியள்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் முகில் விலகவில்லை. சோறும் கறுத்த பீன்ஸும் தந்தார்கள். அவள் பாதியைத் தள்ளிவைத்துவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவளுடைய பேரைச் சொன்னேன். குரல் எனக்கே பிடிபடவில்லை. யாரோ பின்னாலிருந்து சொன்ன மாதிரி இருந்தது. பிறகு, "போகாதையும்" என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மூக்கு நுனி சிவந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மகள் சொல்லித் தந்தவளோ?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஓம்" என்றேன்.

"பேரையுமோ?"

"இல்லை. அது நான்."

தலையாட்டினாள். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம் அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "பத்து வருசத்துக்கு முந்தியெண்டால் இதுக்காக நிண்டிருப்பன். ஐஞ்சு வருசத்துக்கு முந்தியெண்டாலும் யோசிச்சிருப்பன். இப்ப கேக்கப் பாவமாய்த்தான் இருக்குது. வேறை ஒண்டும் வரேல்லை." பிறகு என் பக்கம் இருந்த பீன்ஸைக் காட்டி, "அதைச் சாப்பிடுங்கோ. பிறஷருக்குக் குளிசை போடவேணும்" என்றாள்.

திங்கட்கிழமை திரும்பினோம். மகள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் ரேடியோவைப் போட்டாள்.

டிசம்பர் கடைசியில், போவதற்கு முதல்நாள், மனைவி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தாள். எந்தக் கிழமை எந்தக் குப்பை, அரிசி எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர், பிறஷர் குளிசை எந்தத் தட்டில், வாடகைக் கடிதம் வந்தால் மகளிடம் காட்டவேண்டும், எல்லாம் சொன்னாள். நான் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். ஒரு மணித்தியாலம் இருக்கும். நாங்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது அதுதான் முதல்தடவை. "விளங்கிச்சுதோ?" என்றாள். "ஓம்" என்றேன்.

அடுத்த நாள் தங்கையின் கணவர் வான் கொண்டுவந்தார். பெட்டிகள் அதிகம் இல்லை. ஆனாலும் எங்கள் கட்டிடத்து லிப்ற்றின் கதவு பொறுக்காது, உடனே மூடிக்கொள்ளும். ஒருவர் காலை வைத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். மகளும் அவரும் பெட்டிகளை ஏற்றினார்கள். கடைசியாக அவள் குளிர் சட்டையைப் பூட்டிக்கொண்டு வந்து உள்ளே ஏறி, என்னுடைய காலைப் பார்த்தாள்.

நான் காலை எடுத்தேன்.