ஆபிதா அக்கா ஜெராக்ஸ் போட மறுத்த கடிதம்

காலையில் எழுந்ததும் மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்புவதற்குள் போனை எடுத்துப் பார்த்தால்... ஆபிதா அக்கா இல்லை.

கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில்தான் செய்தி. "நம்ம காலேஜ் எதிர்ல இருக்கும் ஜெராக்ஸ் கடை லேடி காலமானார்." அவ்வளவுதான். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

அதற்கும் கீழே அடுத்த மெசேஜ். ஹிஸ்டரியில் இன்னும் சீட் காலி, நாளைக் கவுன்சிலிங்கில் எப்படியாவது நிரப்பவும்.

லேடியாம். இத்தனை வருஷத்தில் ஒரு பேர் கூடவா தெரியாது? நம் பிள்ளைகளின் டி.சி. வரைக்கும் அந்தக் கடையில்தானே காப்பி எடுத்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே ஒரு ஷட்டர் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர். ஆன்லைனில் காலேஜ் அப்ளிகேஷன் போட்டுத் தருவார். எல்லோருக்கும் பாயம்மா, எனக்கு அக்கா.

அட்மிஷன் சமயத்தில் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் நேராக அங்கேதான் வருவார்கள். துணிக்கடை கவரில் மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், ஆதார்... கூடவே அப்பா.

என்னென்ன பாடம் வேண்டும் என்று அப்ளிகேஷன் வரிசையாகக் கேட்கும். மற்ற பிரவுசிங் சென்டர்களில் மலைப் பிள்ளை என்றால் கேட்கவே மாட்டார்கள். முதலில் தமிழ், அடுத்து ஹிஸ்டரி. முந்தைய ஆளுக்குப் போட்டதே இந்த ஆளுக்கும்.

அக்கா அப்பாவைப் பார்த்து, "இங்க கூட்டம் ஜாஸ்தியா கீதுங்க, நீங்க போய் டீ குட்ச்சிட்டு வாங்க" என்பார். அவர் படி இறங்கியதும் மானிட்டரைப் பெண் பக்கம் திருப்பி வைப்பார். "இப்ப சொல்லு. நீ இன்னா படிக்கணும்?"

பெண் திரையில் ஒவ்வொரு பாடமாகப் படிக்கும். அக்கா காத்திருப்பார்.

ஒருமுறை க்யூவில் நின்றவர் பொறுக்க முடியாமல், "எதையாவது தட்டி வுடு பாயம்மா, எல்லாம் பி.ஏ.தான" என்றார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் பொண்ணுக்கு மாப்ள பாக்க சொல்லோ இப்டிதான் தட்டி வுடுவியா? சும்மா நில்லு."

சத்யா அப்படி வந்த பெண். பேரை மாற்றியிருக்கிறேன். கரியாலூரைத் தாண்டி ஒரு கிராமம். அவள் போட்ட முதல் விருப்பம் எகனாமிக்ஸ். ஹிஸ்டரி நாலாவது.

கவுன்சிலிங் மேசையில் நான் இருந்தேன். ஹிஸ்டரியில் கௌரவ விரிவுரையாளர், நிரந்தர வேலை இல்லை. வகுப்பு நிரம்பவில்லை என்றால் முதலில் வெளியே போவது எங்களைப் போன்றவர்கள்தான்.

அன்று எகனாமிக்ஸில் இடம் இருந்தது. பக்கத்தில் இருந்த சீனியர் குனிந்து, மலைப் பொண்ணு, கணக்கு வராது, அரியர்தான் வைக்கும், நம்ம பக்கம் தள்ளுங்க என்றார்.

தள்ளினேன். எகனாமிக்ஸில் இடம் இல்லை என்றேன்.

விருப்பத்தை மாற்றினால் மாணவர் தன் கைப்பட ஒரு கடிதம் தரவேண்டும். நான் சொல்லச் சொல்ல சத்யா எழுதினாள். "எனது சுய விருப்பத்தின் பேரில் வரலாறு பாடப்பிரிவைத் தேர்வு செய்கிறேன்."

சுய விருப்பம்... அவள் அப்பா, மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கீழே கையெழுத்துப் போட்டார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

மறுநாள் அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு டிபார்ட்மென்ட்டுக்கு வந்தார். கையில் அந்த அப்ளிகேஷன் பிரிண்ட்.

"இத அந்தப் பொண்ணேதான் க்ளிக் பண்ணுச்சு மேடம். மவுஸ் புடிக்கத் தெரியாத கை. அந்தக் கையாலயே வாணாம்னு எழுத வெச்சிட்டீங்களே."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்ளிகேஷன் போடுவது உங்கள் வேலை, சீட் போடுவது எங்கள் வேலை என்றேன். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உங்க பாடம் நல்ல பாடம்தான் மேடம். ஆசப்பட்டு வர்றவங்கள சேருங்க. வேற எடத்துக்குப் போறவள புட்ச்சி உக்கார வெக்காதீங்க."

சத்யா மூன்றாவது செமஸ்டருக்கு வரவில்லை. எல்லாப் பேப்பரும் பாஸ்தான். போன் போட்டேன். "இல்ல மேடம்..." என்று வைத்துவிட்டாள். ரெஜிஸ்டரில் அவள் பேரைச் சிவப்பு மையால் அடித்ததும் நான்தான்.

அடுத்த வருஷம், ஒவ்வொருவரும் எழுத நேரமாகிறது என்று, சீனியர் அந்தக் கடிதத்தை டைப் செய்துவிட்டார். பேர் எழுத மட்டும் இடம். ஒரு கட்டு காப்பி எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்.

அக்கா நின்றுகொண்டே முழுசாகப் படித்தார். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் யாருடைய ரேஷன் கார்டையோ பிரதி எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"மெஷின் ரிப்பேரு மேடம்" என்றார். சிரிக்கவில்லை.

நான் வேறு கடையில் எடுத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

இன்று குரூப்பில் கைகூப்பியவர்களில் அன்று சிரித்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். சீனியர், "நல்ல மனுஷி" என்று போட்டிருக்கிறார். எந்தக் கையால் சார் எழுதினீர்கள்? என் கையும் அதே கைதான்... தெரியும்.

இந்தப் பதிவை யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுவார்கள். போடட்டும்.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அதற்குள் அக்கா வீட்டுக்குப் போய் முகம் பார்க்க வேண்டும்.

நல்லபடியாகப் போங்க அக்கா.

நாளை என் மேசைக்கு வருகிற பிள்ளை கேட்கும் பாடத்தில் இடம் இருந்தால், இருக்கிறது என்று சொல்லி அதையே போடப்போகிறேன். ஹிஸ்டரி நிரம்பாது. அடுத்த மாதம் எனக்கு வேலை இருக்காது... வீட்டில் அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.