முதல் வரிசையில் அவள்

அவருடைய நிகழ்ச்சிகளில் ஒன்றைத் தவிர வேறெதையும் நான் விட்டதில்லை. தமிழும் கன்னடமும் கலந்து, பெங்களூரு மர்பி டவுன் தெருச் சண்டைகளைப் பேசிக் காண்பித்தே அரங்கைச் சிரிக்கவைத்த ஸ்டாண்ட்-அப் கலைஞர். மேடையில் அவர் மட்டும் சிரிக்கவே மாட்டார். முன்வரிசையில் சிக்கியவர்களைக் கேள்வி கேட்டே காலி செய்துவிடுவார் என்பதால் நான் எப்போதும் கடைசி வரிசை. அங்கிருந்தே அவர் ஜோக்குகளை அவருக்கு அரை நொடி முன்னால் முணுமுணுப்பேன்.

போன வருடம் அவர் இறந்துபோனார். யார் வேண்டுமானாலும் ஊரின் புகைப்படங்களை ஏற்றி, குறிப்பு எழுதக்கூடிய ஓர் இணையக் காப்பகத்தில் அவர் படங்களும் வரத் தொடங்கின. நான் அங்கேயே கிடப்பவள். பழைய பங்களாக்கள், மாடிப் பேருந்துகள், யாரோ ஒருவருடைய கல்யாணம் என்று மேய்ந்துவிட்டு அவரிடம் வருவேன். சட்டையை வைத்தே எந்த அரங்கு, எந்த ஜோக் என்று சொல்லிவிடுவேன். அவர் படங்களுக்கான குறிப்புகளில் பாதி நான் எழுதியவை.

ஒரு சனிக்கிழமை காலை புதிதாக ஒரு படம். மைக்கைத் தொங்கவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கிறார். எதிரே முதல் வரிசையில் என் அறைத்தோழி. எலெக்ட்ரானிக் சிட்டி பிஜி விடுதியில், நான் படத்தைப் பார்த்த அந்த நேரம் அடுத்த கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தவள். அலுவலகத்தில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்று நான் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளில், இருக்கை எண் இல்லாத என் டிக்கெட்டில் போனவள்.

அரங்கின் பெயரை எழுதினேன். கூடவே, "முன்வரிசையில்: அடையாளம் தெரியாத பார்வையாளர்" என்று எழுதிச் சேமித்தேன். கை கூசவில்லை.

சற்று நேரத்தில் யாரோ கீழே கேட்டிருந்தார்கள்: அவர் எதற்காகச் சிரிக்கிறார், யாருக்காவது தெரியுமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் போடுபவள் நான்தான். இந்த முறை அடுத்த கட்டில் பக்கம் திரும்பினேன்.

"அன்னிக்கு அவர்கிட்ட என்னடி சொன்ன?"

எட்டிப் பார்த்தாள். "ஏய், நானு. அந்த நீலக் குர்தா பாரு, லாண்டரிக்காரன் தொலைச்சானே."

"குர்தாவ விடு."

"என்ன வேலைன்னார். சாஃப்ட்வேர் டெஸ்டிங்னேன். அப்போ என் ஷோவுல எதெது வேலை செய்யுது, சொல்லும்மான்னார். ஏசி மட்டும்தான் சார்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை.

"வந்ததுமே சொல்ல வந்தேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஹெட்போன் மாட்டிக்கிட்ட." அதற்குள் குறிப்பைப் படித்துவிட்டாள். "அடையாளம் தெரியாதவளா நானு? மூணு வருஷமா என் ஷாம்பூலதானே தலைக்குக் குளிக்கிற."

அந்த வரியை அழித்தேன். அவள் பெயரைப் போட்டேன். அவர் கேட்டதையும் இவள் சொன்னதையும் எழுதினேன். தோளுக்கு மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"'சார்' விட்டுட்ட. அதுக்கப்புறம்தான் அவர் சிரிச்சார்."

சேர்த்துப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்த 'சார்' இல்லாமல் அது எடுபடவே இல்லை.