மச்சானின் கெப்புக்குப் பவர் கூடியதா?

தங்கையின் கணவர் தன் டபுள் கெப் வண்டிக்கு, எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புது ஏர் இன்டேக் பூட்டியிருக்கிறார். ஒரு வாரமாக அதே பேச்சு.

இன்று எங்களை ஹேவாஹெட்ட மலை ஏற்றத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“சத்தத்தக் கேட்டீங்களா மச்சான்? புலி மாதிரி இழுக்குது!”

சத்தம் உண்மைதான். வழியில் படுத்திருந்த நாய்கள்கூட எழுந்து நின்றன.

“இழுக்குதான்னு நேரம் பாப்போம்” என்று தங்கை போனை எடுத்தாள்.

பாலத்திலிருந்து கோயில் வளைவு வரை இரண்டு நிமிடம் பத்து விநாடி.

பக்கத்துக் கராஜில் பழைய காற்றுப் பெட்டியையே சுத்தமான பில்டரோடு பூட்டி மறுபடி ஏறினோம். இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி.

மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் கராஜ்கார நானா மெதுவாகச் சொன்னார்: “எஞ்சினுக்குத் தேவையான காத்து பழைய பெட்டியிலயே வருது தம்பி. இதுல கூடினது சத்தம் மட்டுந்தான்.”

மச்சான் தங்கையைக் கை காட்டினார்.

“பரவாயில்ல நானா, புதுசையே பூட்டுங்க. ஹோர்ன் அடிச்சா இவ கேட் தொறக்கிறதில்ல. இந்தச் சத்தத்துக்கு ஓடி வர்றா.”

தங்கை சிரித்தபடி போனைப் பைக்குள் போட்டாள்.

இன்டேக் பூட்டிய நண்பர்களே, உங்கள் வண்டிக்குப் பவர் கூடியதா? பதிலை மனைவிமார் எழுதினால் நம்புவேன்.