ஓரத்தில் வைத்த சூடு

வேலை முடிந்த மரத்தில் பெயரும் தேதியும் போடாமல் நான் எதையும் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. பென்சிலில் எழுதினால் பாலிஷ் துணியோடு போய்விடும். பெயிண்டில் எழுதினால் நாலு வருஷத்தில் உரியும். தகடு அடித்தால் எவனாவது நெம்பி எடுத்துவிடுவான். அதனால் நான் சூடுதான் வைப்பேன். என் பெயரின் முதலெழுத்தை வார்த்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, பலகையின் அடிப்பக்கம் நட்டநடுவில் ஓர் அழுத்து. தேதியை அதற்குக் கீழே கம்பி முனையால் எழுதுவேன். விளாங்குடியில் என் பட்டறையைத் தாண்டிப் போகிறவர்கள், "என்னண்ணே, மாட்டுக்குச் சூடு வச்சாச்சா?" என்று கேலி பேசுவார்கள். "போடா, ஒங்க வீட்டுக் கட்டிலைக் கவுத்துப் பாரு, அதுலயும் என் எழுத்துத்தான் இருக்கும்" என்பேன். அம்புட்டுத் திமிர் எனக்கு.

அந்த இரும்பைச் செய்து கொடுத்தவன் என் கூட்டாளி. வாடிப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். சங்கிலி, கொக்கி என்று இரும்பில் எது வேண்டுமானாலும் அவனைத்தான் கூப்பிடுவேன். இருபது வருஷமாக நான் மரம், அவன் இரும்பு.

மதுரைக்குள் ஒரு சௌராஷ்டிரக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பீரோ, கட்டில், சாமி அலமாரி எல்லாம் நான் செய்தவை. மகள் கல்யாணத்துக்குக் கூடத்தில் மாட்டத் தேக்கில் ஊஞ்சல் கேட்டார்கள். கல்யாணச் சாமான் என்றால் நான் போடுவது வேலை முடிந்த தேதி இல்லை, முகூர்த்தத் தேதி. அந்தத் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பலகையின் அடிப்பக்கம் ஒரு மூலையில் விரிசலைப் பார்த்தேன். மயிரிழைதான். ஆனால் கொக்கிக்கு ஓட்டை போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடியது. பலகையை மாற்றியிருக்க வேண்டும். மாற்ற நாளில்லை. நாளில்லை என்று அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், அதற்கு ரோஷம் விடவில்லை. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். அடைத்த தடம் தெரிந்தது. அதன் மேல் சூட்டை வைத்தேன். கூட்டாளி வந்து ஓட்டை போட்டு, கொக்கியை மாட்டி, நட்டை முறுக்கிவிட்டுப் போனான். அவனிடமும் நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் வருஷம் பெண்ணின் அப்பா, அந்த வீட்டுக்காரர், சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார். மூலை பிளந்து, மல்லாக்கத் தரையில் விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

சேதி கேட்டு ஓடினேன். கூடத்தில் பலகை கவிழ்ந்து கிடந்தது. பிளவு என் எழுத்தின் நடுவே போயிருந்தது. அவருடைய மனைவியும் மகனும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒரே சொல்: கொக்கி. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"கொக்கிதாங்க. அதைப் போட்டவரு நட்டை அளவுக்கு மீறி முறுக்கிட்டாப்ல. அதான் மரம் பொளந்துருச்சு."

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஒரு மனுஷன் படுக்கையில் விழுந்த சேதி வேகமாகப் பரவும். யாரால் என்பதும் கூடவே போகும். கூட்டாளிக்கு ஊஞ்சல் வேலை வருவது நின்றது, பிறகு கேட் வேலை, கிரில் வேலை. ஒருநாள் போன் செய்தான்.

"மாப்ள, நீ சொல்லு. நான் அப்படியாடா முறுக்குவேன்?"

"தெரியலடா. இருந்தாலும் இருக்கும்."

அடச்சீ. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

நாலு மாதம் கழித்து வீட்டுக்காரர் ஆளனுப்பினார். கட்டிலில் முதுகைச் சாய்த்துக்கொள்ள ஒரு பலகை வேண்டுமாம். அளவெடுத்து முடித்ததும், ஊஞ்சலின் உடைந்த துண்டை எடுத்து வரச் சொன்னார். மகன் கொண்டுவந்து அவர் நெஞ்சின் மேல் வைத்தான். பாதி எழுத்தை விரலால் தடவினார்.

"படுத்தே கெடக்குறேனா, எதையாச்சும் நெனச்சுக்கிட்டே இருக்கேன். பீரோவுல, கட்டில்ல, அலமாரியில, எல்லாத்துலயும் எழுத்து நடுவுல இருக்கு. பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேன். இதுல மட்டும் ஏன் ஓரத்துல?"

ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

"விரிசல் இருந்துச்சுங்க. மறைக்கத்தான் அங்க வச்சேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகன்தான் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவர் ஒரு வார்த்தையில் அவனை நிறுத்தினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"கொக்கி போட்டவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மொதல்ல அங்க போங்க. பலகை அப்புறம்."

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். வாடிப்பட்டி வரும்வரை, அவன் அடிப்பான், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவன் பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், மரத்தூள், சூடு, கூடத்தில் நான் சொன்ன சொல். அவன் எழுந்திருக்கவில்லை.

"நானே நம்பிட்டேன்டா மாப்ள" என்றான். "அன்னைக்கு ஒரு சுத்து கூடுதலா முறுக்கிட்டேன் போலன்னு நானே நம்பிட்டேன். நீ சொன்னா சரியாத்தான இருக்கும்னு. இப்ப ஸ்பானரை எடுத்தா எம்புட்டு முறுக்குறதுன்னே தெரிய மாட்டேங்குது."