வலியே இல்லாமல் வந்த இரத்தம்

கதிரையிலிருந்து எழுந்த தங்கையைப் பார்த்துக் கத்தியே விட்டேன்.

கண்டியில் ஒரு துணிக்கடை. மூன்று கிழமைக்கு முன், பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை வாங்கப் போயிருந்தோம். புசல்லாவையில் டீச்சராக இருக்கும் என் தங்கை செல்விக்கு அப்போது எட்டு மாதம். அவளுடைய வெளிர்நீலச் சேலையின் பின்பக்கம் முழுக்க... இரத்தம்!

"வலிக்குதாடி?"

"இல்லக்கா... ஒண்ணுமே வலிக்கல. என்னக்கா ஆச்சு?"

வலி இல்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி! என்ன மடமை பாருங்கள். வலியில்லாமல் இரத்தம் போவதுதான் அவளுக்கிருந்த கோளாறின் அடையாளமே என்பது பிறகுதான் தெரிந்தது.

கடைக்கார முஸ்லிம் நானாவுக்கு என்னைவிட விவரம் இருந்தது. "நடக்க வேணாம் தங்கச்சி, அப்படியே இருங்க" என்றவர், ஆள் கூப்பிட்டுக் கதிரையோடு தூக்கிவந்து திரீவீலரில் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். உள்ளே கைவைத்துச் சோதிக்கவேயில்லை; சோதித்தால் இரத்தம் கூடிவிடுமாம். முதலில் ஸ்கேன். திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அஞ்சாம் மாசத்து ஸ்கேனில ஏதும் சொன்னவையோ?"

"நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னாங்க டாக்டர். திரும்ப ஒருக்கா ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க."

"எடுத்தனீங்களோ?"

செல்வி என்னைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள்? அன்று போனில் அவள் பயந்துபோய்க் கேட்டபோது, "அட, வயிறு வளர வளர அது தானா மேல போயிரும்டி. எனக்கும் போச்சே!" என்று சிரித்தவள் நான்தான். என் பேச்சை நம்பி, இரண்டாவது ஸ்கேனுக்கு அவள் போகவேயில்லை.

"தானா மேல போயிரும்னு நான்தான் சொன்னேன் டாக்டர்..." என்றேன்.

"கனபேருக்கு மேல போகும்தான்" என்றார் அவர். "போயிட்டுதோ இல்லையோ எண்டு ஸ்கேன் பார்த்தால்தானே தெரியும், அம்மா?"

செல்விக்கு மேலே போகவில்லை. கருப்பையின் வாயை முழுதாக மூடிக்கொண்டு கிடந்தது நஞ்சுக்கொடி. பிள்ளை வெளியே வரும் வழியே அந்த வாய்தானே! இதே இரத்தம், திரும்பிப் போகும்போது புசல்லாவை பஸ்ஸில் வந்திருந்தால்?

அன்று இரத்தம் நின்றது. ஆனால் வீட்டுக்கு விடவில்லை, வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் இரத்தம் வர, உடனே சிசேரியன். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பெண் குழந்தை... கொஞ்சம் சின்னது. அழுகை மட்டும் பெரியது.

நேற்றுக் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா. நீ நல்லதுக்குத்தானே சொன்ன?"

ஆமாம், நல்லதுக்குத்தான் சொன்னேன் — அதுதான் பயமாக இருக்கிறது.